மறைந்த தட்டுகள், மீண்ட பாட்டுகள் – 9: செம்பு கொடுத்தது, செம்பு எடுத்தது

சென்ற இதழை ஒரு நீல நிற வானொலிப் பெட்டியோடு நிறுத்தியிருந்தோம். அலுமினியச் சட்டியைப் போலிருந்ததால் ‘சாஸ்பன் ஸ்பெஷல்’ என்று பெயர் வாங்கிய பெட்டி அது. 1949ல் வெளிவந்தது, விலை ஐந்து பவுண்டு. மின்சாரம் எட்டாத ஊர்களிலும் பேட்டரியில் ஓடியது. லுசாகா வானொலி நிலையத்திலிருந்து அலிக் இன்காட்டா பாடியதை வடக்கு ரொடீசியா முழுக்க அதில்தான் கேட்டார்கள். 1964 அக்டோபர் 24 அன்று வடக்கு ரொடீசியா விடுதலை பெற்று ஜாம்பியா ஆனது. முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா கையில் கிதாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியே கட்சி வளர்த்தவர். பாட்டோடு பிறந்த நாடு என்று ஜாம்பியாவைச் சொன்னால் மிகையில்லை.

அந்த நாட்டில் பிறந்து, சுமார் பத்தாண்டுகள் ஊரையே ஆட்டிப்படைத்து, பிறகு சுவடில்லாமல் போன ஒரு ராக் குழுவின் கதை இந்த வாரம். குழுவின் பெயர் ‘விட்ச்’. 1970களில் அது வெளியிட்ட ஐந்து இசைத்தட்டுகளும் ஒரே தொகுப்பாக 2012ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வெளிவந்தபோது, அதைப் போட்டுக் கேட்க அசல் பாடகர்கள் வாத்தியக்காரர்கள் வரிசையில் ஒரே ஒருவர்தான் உயிரோடு இருந்தார்.

சுரங்க ஊர்ப் பிள்ளைகள்

ஜாம்பியாவின் வடக்கே, காங்கோ எல்லையை ஒட்டி, கிட்வே, எண்டோலா, சிங்கோலா, முஃபுலிரா, லுவான்ஷா என்று வரிசையாகச் சுரங்க ஊர்கள் உண்டு. காப்பர்பெல்ட் என்று அதற்குப் பெயர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் இந்தச் செம்பிலிருந்து வந்தது. 1969ல் கவுண்டா அரசு சுரங்கங்களின் 51 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. செம்பு விலை உச்சத்தில் இருந்த நேரம். பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் எழுந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் பெட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போன காலமும் அதுதான்.

சுரங்க ஊர் என்றால் மாதச் சம்பளம் உண்டு. சம்பளம் இருந்தால் சனிக்கிழமை இரவு உண்டு. தொழிலாளர் குடியிருப்புகளில் கம்பெனி கட்டிய பொது மண்டபங்கள் இருந்தன. அங்கே மேடையும் இருந்தது, மின்சாரமும் இருந்தது, ஆடுவதற்கு ஆளும் இருந்தார்கள். பிரிட்டிஷ் பொறியாளர்கள் கொண்டுவந்த இசைத்தட்டுகள் கைமாறிக் கைமாறி உள்ளூர்ப் பிள்ளைகளிடம் வந்தன. ரோலிங் ஸ்டோன்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், கிராண்ட் ஃபங்க் ரயில்ரோடு எல்லாம் கிட்வே இளைஞர்களுக்கு மனப்பாடம்.

அப்படிக் கிட்வேயில் வளர்ந்தவர்களில் ஒருவர் இம்மானுவேல் சாண்டா. மேடையில் அவர் குதித்த குதியைப் பார்த்து, மிக் ஜாகரின் பெயரையே கொஞ்சம் ஆப்பிரிக்க மணத்தோடு ‘ஜகாரி’ என்று மாற்றி அவருக்கு வைத்துவிட்டார்கள். இன்றுவரை அதுவே நிலைத்துவிட்டது. வேறு வேறு குழுக்களில் இருந்தவர்கள் 1970களின் தொடக்கத்தில் ஒன்றுசேர்ந்தபோது ஜகாரி பாடகர் ஆனார். கிறிஸ் எம்பெவே கிதார். ஜான் மூமா இன்னொரு கிதார். கிடியன் முவாமுலெங்கா பேஸ் கிதார். பாய்டி சின்காலா டிரம்ஸ்.

கிதாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் ‘ஃபுட்ஸ்விட்ச்’ பெட்டி அன்றைக்குப் புதுமை. அதிலிருந்தே குழுவுக்குப் பெயர் எடுத்தார்கள். காலப்போக்கில் முன்பாதி உதிர்ந்து ‘விட்ச்’ மட்டும் நின்றது. ‘அமளி செய்யவே வந்திருக்கிறோம்’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை என்ற விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இப்படி உள்ளூரில் முளைத்த ராக்குக்கு ‘ஜாம்ராக்’ என்று பெயர்.

இரவு ஏழு முதல் இரண்டு வரை

விட்ச் கச்சேரி இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் முடிய இரண்டு ஆகிவிடும். ஆறேழு மணி நேரம் ஒரே குழு. ஜகாரி பால்கனியிலிருந்து மேடைக்குக் குதிப்பார், தரையில் புரள்வார், கூட்டத்துக்குள் இறங்கிவிடுவார். மண்டபத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் வெளியே முண்டியடிக்க, போலீஸ் கண்ணீர்ப்புகை வீச வேண்டிவந்த இரவுகளும் உண்டு.

கவுண்டா அரசும் தன் பங்குக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. வானொலியில் ஒலிக்கும் இசையில் 95 விழுக்காடு ஜாம்பியர்களுடையதாக இருக்க வேண்டும் என்று 1970களில் ஓர் ஆணை வந்தது. அதிபரின் மனத்தில் இருந்தது நாட்டுப்புறப் பாட்டாக இருந்திருக்கலாம். ஆனால் மின்கிதார் வைத்திருந்த பையன்களும் ஜாம்பியர்கள்தானே! வானொலிக்கு உள்ளூர்த் தட்டுகள் தேவைப்பட்டன; குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு பதிவுக்கூடத்துக்குப் போயின.

அங்கேதான் சிக்கல். குழுக்கள் நிறைய, பதிவுக்கூடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். சிங்கோலாவில் மாலகைட் என்ற படப்பிடிப்பு நிலையம், லுசாகாவில் டி.பி. ஸ்டூடியோ போன்ற ஒருசில இடங்கள். மாலகைட் என்பதே செம்புத்தாது ஒன்றின் பெயர். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் செம்பில்தான் போய் நிற்கும். வசதியான கூடம் வேண்டுமென்றால் நாட்டை விட்டே போக வேண்டும். ‘மூசி ஓ துன்யா’ என்ற இன்னொரு முன்னோடிக் குழு கென்யாவில் போய்ப் பதிவு செய்தது.

ஐந்து தட்டுகள்

விட்சின் முதல் தட்டு ‘இன்ட்ரொடக்‌ஷன்’ 1972–73 வாக்கில் வந்தது. ஜாம்பியக் குழு ஒன்று விற்பனைக்கு வெளியிட்ட முதல் நெடுந்தட்டு இதுதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் அடித்து, கச்சேரி நடக்கும் இடத்திலேயே விற்றார்கள். 1974ல் ‘இன் த பாஸ்ட்’. 1975ல் ‘லேசி போன்ஸ்’. 1976ல் ‘லுகோம்போ வைப்ஸ்’. 1977ல் ‘இன்க்ளூடிங் ஜேனட்’. ஐந்தே ஆண்டுகளில் ஐந்து தட்டுகள்.

முதல் தட்டைக் கேட்பவருக்கு முதலில் படுவது அதன் சிறிய ஒலி. பேஸ் கிதார் அடங்கி ஒலிக்கிறது. டிரம்ஸ் எதிரொலி ஏதுமில்லாமல் வறண்டு கேட்கிறது. ஆனால் அந்த வறட்சியே கிதாரைத் தூக்கிக் காட்டிவிடுகிறது. ‘ஃபஸ்’ என்று சொல்லும் கரகரப்பான கிதார் ஒலி நடுவில் வந்து நிற்கும்போது மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிடுகின்றன. கிதார் ஹெண்ட்ரிக்ஸ் பக்கம் சாய்கிறது. டிரம்ஸ் சாயவில்லை, அது சுரங்கக் குடியிருப்பின் ஆட்டத்துக்கு வாசிக்கிறது. மேலே ஓடுவது மேற்கத்திய ராக். கீழே நடப்பது ஊர் நடை.

1975ல் வந்த ‘லேசி போன்ஸ்’ தட்டில் இந்த இரண்டும் நன்றாக இறுகிவிடுகின்றன. தாளம் தளர்ந்து கனக்கிறது. முதல் தட்டின் துள்ளல் குறைந்து ஒரு சோர்வு ஏறியிருக்கிறது. குழுவின் உச்சம் என்று ரசிகர்கள் பலரும் காட்டுவது இந்தத் தட்டைத்தான். அது வெளிவந்த ஆண்டு எது என்பதைக் கவனியுங்கள்.

விலை சரிந்தது

1974 ஏப்ரலில் லண்டன் சந்தையில் செம்பு விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. எண்ணெய் விலையேற்றத்தால் உலகத் தொழிற்சாலைகள் முடங்கத் தொடங்கின, செம்புக்குக் கேட்பாரில்லை. ஓராண்டுக்குள் விலை பாதிக்கும் கீழே போனது. நூற்றுக்குத் தொண்ணூறு ரூபாய் செம்பில் சம்பாதித்த நாட்டுக்கு இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

ராக் இசைக்கு அந்நியச் செலாவணி வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கலாம், கணக்கு அதுதான். கிதார் கம்பி, டிரம்ஸ் தோல், ஆம்ப்ளிஃபயர் வால்வு, பதிவு நாடா, தட்டு அச்சிடும் வினைல் எல்லாமே கப்பலில் வந்தாக வேண்டியவை. கருவூலத்தில் டாலர் குறைந்ததும் அரசு முதலில் மருந்தும் எண்ணெயும் வாங்குமே தவிர, கிதார் கம்பி வாங்காது. கையிலிருந்த கருவிகளை ஒட்டி வெட்டி ஓட்டினார்கள்.

வழியும் அடைபட்டது. ஜாம்பியாவுக்குக் கடற்கரை இல்லை. தெற்கே வெள்ளையர் ஆட்சி நடந்த ரொடீசியாவுடனான எல்லை 1973ல் மூடப்பட்டது. மேற்கே அங்கோலா வழியாகப் போன பெங்குவேலா ரயில் 1975ல் உள்நாட்டுப் போரில் நின்றது. சீனா கட்டித்தந்த தான்சானியா ரயில்பாதை ஒன்றுதான் மூச்சு.

ரொடீசிய விடுதலைப் போராளிகளுக்கு ஜாம்பியா இடம் கொடுத்திருந்ததால் போரும் வீட்டு வாசலுக்கு வந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவில் விளக்கணைப்பு, ஊரடங்கு. இரவு இரண்டு மணி வரை ஆடிய ஊரில் கச்சேரிகள் பட்டப்பகலுக்கு நகர்ந்தன. பிற்பகல் வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், சம்பளக்காரர்கள் வரமாட்டார்கள். 1978 அக்டோபரில் போராளி முகாம்கள் மீது ரொடீசியப் படை நடத்திய தாக்குதலின்போது, அருகில் பண்ணை வைத்திருந்த ஒருவரும் கொல்லப்பட்டார். சென்ற இதழில் நாம் பார்த்த அலிக் இன்காட்டாதான் அவர்.

ஜகாரி மேடையை விட்டு இறங்கினார். லுசாகாவின் ஈவ்லின் ஹோன் கல்லூரியில் இசை படித்தார்; பிறகு அங்கேயே கற்பிக்கவும் செய்தார். புதிய ஆட்களோடு விட்ச் டிஸ்கோ பக்கம் திரும்பி 1980களில் இரண்டு தட்டுகள் போட்டது. கடைசித் தட்டு ‘குவோம்போகா’ 1984ல் வந்தது. அதற்குள் சந்தைக்கு வந்த திருட்டு கேசட்டுகள் தட்டு வியாபாரத்தை முடித்துவைத்துவிட்டன. கலிந்துலா என்ற உள்ளூர் ஆட்ட இசை மேடையைப் பிடித்தது.

ஒருவர் மிச்சம்

மிச்சம் இருந்ததை எய்ட்ஸ் கொண்டுபோனது. ஜாம்பியாவில் முதல் நோயாளி 1984ல் அடையாளம் காணப்பட்டார். 1987ல் குடியரசுத் தலைவர் கவுண்டாவே தம் மகன் ஒருவர் எய்ட்ஸால் இறந்ததாக வெளிப்படையாக அறிவித்தார். வெளியே சொல்லவே கூசிய காலத்தில் அது பெரிய துணிவு. நூற்றாண்டு முடியும்போது வயதுவந்தவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நோய் பரவியிருந்தது. ஜாம்ராக் தலைமுறையில் பெரும்பகுதியை அது வாரிக்கொண்டு போனது. எம்பெவே, மூமா, முவாமுலெங்கா, சின்காலா – ஐந்து தட்டுகளிலும் வாசித்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2000களின் தொடக்கத்தில் அந்த வரிசையில் நின்றவர் ஜகாரி மட்டுமே.

அவரும் பாட்டை விட்டு விலகியிருந்தார். பிழைப்புக்கு மண்ணைத் தோண்டி ரத்தினக்கல் தேடிக்கொண்டிருந்தார். சுரங்க ஊரில் வளர்ந்து சுரங்கத்துக்குப் போகாமல் தப்பியவர், ஐம்பது வயதுக்கு மேல் குழிக்குள் இறங்கினார்.

தட்டைத் தேடி

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய தட்டு சேகரிப்பவர்களிடையே ஜாம்பியாவின் பெயர் அடிபடத் தொடங்கியது. எங்கோ ஒரு வீட்டில், எங்கோ ஒரு பழைய கடையில் கிடைத்த ஒற்றைத் தட்டு பெரிய விலைக்குப் போனது. இந்த வியாபாரத்தில் பாடியவருக்கு ஒரு காசு வராது. இன்னும் சிலர் கையில் கிடைத்த தட்டிலிருந்து பிரதியெடுத்து, யாரையும் கேட்காமல் மறுபதிப்பு போட்டுவிடுவார்கள். பழைய இசை மீட்கப்படுகிறது என்று நாம் மகிழும்போது, அதில் எவ்வளவு மீட்பு, எவ்வளவு அள்ளல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஈகன் என்ற பெயரில் அறியப்படும் ஈயோத்தன் அலபாட், லாஸ் ஏஞ்சல்ஸில் ‘நவ் அகெய்ன்’ என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்தை நடத்துகிறவர். தட்டோடு நிற்காமல் அவர் பாடியவர்களைத் தேடினார். மூசி ஓ துன்யா குழுவின் ரிக்கி இலிலோங்கா டென்மார்க்கில் இருப்பது தெரிந்தது. 2010ல் அவருடைய பதிவுகள் தொகுப்பாக வந்தன. அடுத்து ஜகாரி. ஒப்பந்தம் போட்டு, பேட்டி எடுத்து, யார் எந்தத் தட்டில் வாசித்தார்கள் என்று பெயர் குறித்து, படங்கள் சேர்த்து 2012ல் ஐந்து நெடுந்தட்டுகளும் தனிப்பாட்டுகளும் ஒரே பெட்டியில் வெளிவந்தன. குழுவின் பெயருக்கு விளக்கமாகச் சொல்லப்பட்ட அந்த அமளி வாக்கியமே பெட்டியின் தலைப்பு. பின்னர் 2017ல், ஜாம்பிய இசை வரலாற்றாளர் லியனார்ட் கொலோகோவோடு சேர்ந்து ஜாம்ராக் முழுவதைப் பற்றியும் இரண்டு தொகுதிகள் போட்டார் ஈகன்.

இப்படியொரு பெட்டி செய்வதில் உள்ள வேலை வெளியே தெரிவதில்லை. மூல நாடா இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் ஒரே தட்டின் பல பிரதிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தட்டைக் கழுவிக் காய வைத்து, ஊசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மலிவான பிளேயரின் ஊசி அந்தப் பள்ளத்தின் ஒரு மட்டத்தைத் தேய்த்திருக்கும். வேறு அளவுள்ள ஊசியைப் போட்டால் அது தேயாத மட்டத்தில் ஓடும். புதைந்திருந்த பாட்டு மேலே வரும். பிறகு பொரிச்சல் சத்தங்களை ஒவ்வொன்றாக நீக்குவார்கள். கை கொஞ்சம் அதிகமாகப் போனால் பொரிச்சலோடு சிம்பலின் நுனி ஒலியும் போய்விடும். எங்கே நிறுத்துவது என்பதைக் காது மட்டுமே சொல்ல முடியும்.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

பெட்டி வந்த பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2017ல் ஜகாரி ஐரோப்பிய இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மேடையேறினார். 1980களின் விட்சில் கீபோர்டு வாசித்த பாட்ரிக் முவோன்டெலாவும் உடன் வந்தார். அறுபதைத் தாண்டிய பாடகர் அதே குதியோடு பாடியதை 2019ல் வந்த ஆவணப்படம் காட்டியது. இயக்கியவர் ஜியோ அர்லோட்டா. 2023ல் ‘சாங்கோ’ என்ற புதிய தட்டு. ‘குவோம்போகா’ வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘சாங்கோ’வை லுசாகாவின் அதே டி.பி. ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். ஜாம்பியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பெயர் பெற்ற ராப் பாடகி சாம்பா த கிரேட் அதில் சேர்ந்து பாடினார். அவருடைய உறவினர் ஒருவர் பழைய விட்சில் இருந்தவர்.

இந்தக் கதையைத் திறமை ஒருநாள் வெளிச்சத்துக்கு வந்தே தீரும் என்று முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1974ல் விட்சுக்குத் திறமை குறைந்துவிடவில்லை. செம்பு விலை குறைந்தது. உள்ளூர்க்காரர்களுக்குப் பாட்டு மறந்தும் போகவில்லை. போட்டுக் கேட்கத் தட்டுதான் இல்லை.

செம்பு விலை மறுபடியும் ஏறியது. 2011 பிப்ரவரியில் டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டி சாதனை படைத்தது. விட்ச் பெட்டி தயாரான அதே காலம். ஆனால் அதற்குள் காப்பர்பெல்ட் சுரங்கங்கள் தனியாருக்குப் போயிருந்தன. மாலகைட் நிலையம் இருந்த சிங்கோலாவின் பெரிய சுரங்கத்தை 2004ல் வாங்கியது வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த அதே நிறுவனம். ஆற்றில் கழிவு கலந்ததாக சிங்கோலா கிராமத்தார் லண்டன் வரை போய் வழக்காடினார்கள். முதல் செம்புக்காலம் அந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் கிதாரைக் கொடுத்தது. இரண்டாம் செம்புக்காலத்தில் அவர்கள் பாட்டைத் தூசு தட்டி எடுக்க ஒரு வெளிநாட்டுச் சிறு நிறுவனம் வர வேண்டியிருந்தது. ஒரு நாடு தன் பாட்டைத் தானே பத்திரப்படுத்த ஒரு கட்டடமும் குளிரூட்டிய ஓர் அறையும் மாதச் சம்பளத்துக்கு நான்கு பேரும் போதும். அந்தச் செலவைச் செய்ய மறந்த நாடு ஜாம்பியா மட்டுமல்ல என்பதும் நமக்குத் தெரியும்.

ஜாம்ராக்கில் இன்னொரு ஆளை விட்டுவிட்டுப் போக முடியாது. கிதாரைப் பல்லால் மீட்டியவர், சாராயக்கடைச் சண்டையையும் குடும்பச் சண்டையையும் உள்ளூர் மொழியிலேயே பாடியவர் பால் என்கோசி. அவர் 1989ல் இறந்துபோனார். அவருடைய குழு 1977ல் பதிவு செய்த பாட்டின் ஒரு துண்டு, 2024ல் அமெரிக்க ராப் பாடகர் டைலர் த கிரியேட்டரின் தட்டில் ஒலித்து உலகெங்கும் போனது. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)